மைக்கில் கூப்பிட்ட பெயர்

மெயின் அருவியில் தண்ணீர் திடீரென்று கலங்கிப் பெருகவும், போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றிவிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்தில் சிவசைலத்தின் அம்மா இல்லை.

அவன் ஈரச்சேலைக் கூட்டத்துக்குள் ஓடி, முகம் முகமாகப் பார்த்தான். "எம்மா! எம்மா!" என்று கத்தினான். நாலைந்து பேர் திரும்பினார்கள். எல்லோரும் யாருக்கோ அம்மாதானே.

காணாமல்போனவர்களை மைக்கில் கூப்பிடுகிறவரிடம் ஓடினான். அவர் அம்மாவின் பெயரைக் கேட்டார்.

சட்டென்று நாக்கு எழவில்லை. பெற்றவளின் பெயரை எந்த மகன் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்?

"சொக்கம்மாள்" என்றான். "தென்காசி."

ஒலிபெருக்கி கூப்பிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. யாரும் வரவில்லை.

அவன் பம்பாயில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன். லீவு முடிந்துவிட்டது, நாளைக்கு ரயில். அம்மா மறுபடியும் அந்த வீட்டில் ஒற்றையில்தான். அருவிக்காவது கூட்டிப்போவோம் என்று வந்திருந்தான்.

காலையில் பஸ்ஸில், "அங்கன என்ன வேலதாம்லே பாக்க?" என்று அவள் கேட்கப்போக, பெரிய இவன் மாதிரி அளந்துகொண்டு வந்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வைத்திருப்போம். புரோகிராம் ஓடும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அந்தப் பெயரில் என்ன வேலை கட்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டரே தேடிப் பிடித்துச் செய்துவிடும்.

"யாருமே கூப்புடாத பேரு என்னலே செய்யும்?"

"அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும்மா" என்று சிரித்தான்.

இப்போது மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அப்பா கண்ணை மூடும்வரை அவளை "ஏட்டி" என்றார். தெருவுக்கு அவள் ஆச்சி. சொக்கம்மா என்று யாராவது கூப்பிட்டு அவன் கேட்டதே இல்லை.

போலீஸ்காரரிடம் சொல்லித் தண்ணீருக்குள் தேடச் சொல்லலாம் என்று திரும்பினான்.

நேந்திரங்காய் சிப்ஸ் கடையோரம், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, முந்தானையைப் பிழிந்துகொண்டு அம்மா நின்றாள். அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"எம் பேருக்காரி எவளயோ காணலியாம்லே. எம்புட்டு நேரமாக் கூப்புடுதாங்க, பாரு" என்றாள் அம்மா. "கொடுத்து வச்சவ. தேட ஆளு இருக்கு."