ஒத்த வண்டி ஆகாது

"சுருளியண்ணே, கவுன்சிலருக்கு நிக்கப் போறீகளா?"

மாயக்காள் கேட்டதில் நியாயம் இருந்தது. மேகமலைக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் அவளுடைய ஜீப்புக்கு மட்டுமல்ல, சின்னமனூர் ஜீப்புகள் அத்தனைக்கும், தானே செய்த கியரைச் சும்மாவே மாட்டிவிட்டான் மெக்கானிக் சுருளி.

"மேடு ஏறுறதே தெரியலண்ணே!"

சுருளி சிரித்து மழுப்பினான்.

போன வருஷம் மலை ரேலியில், அந்த ஜீப் பந்தயத்தை நடத்துகிறவர்கள் அவனைச் சேர்க்கவில்லை. "ஒரே ஒரு வண்டிக்குன்னு செஞ்ச கியர் ஆகாது. அதே கியரோட அம்பது வண்டியாவது ரோட்ல ஓடணும். அதான் ரூல்."

இந்த வருஷம் மார்தட்டினான். "வந்து எண்ணிக்கங்க சார்!"

எண்ணினார்கள்; சேர்த்துக்கொண்டார்கள்.

ரேலியில் சுருளிக்கு இரண்டாம் இடம்.

முதல் பரிசுக் கோப்பையோடு ஓடிவந்தாள் மாயக்காள். "ஒங்க கியருன்னதும் என் ஜீப்பையும் சேத்துக்கிட்டாகண்ணே! நீங்க கட்டாயம் நிக்கணும். என் ஓட்டு ஒங்களுக்குத்தான்!"