பசூன் யார்

பில்சன் நகரில் ஞாயிறு காலைக் கச்சேரி. மூன்றாம் வரிசையில் இருந்தவர்கள்: இன்றைய புது இசையை எழுதிய போஹுமிலின் மனைவி மிலாடா, இரண்டு வாரம் தங்கிப் போகிறேன் என்று வந்து, அவள் வீட்டில் மூன்றாவது குளிர்காலத்தைக் கழிக்கும் அண்ணன் ஆல்பின், மருந்துக்கடைக்காரர் மனைவி ரூசெனா, ரூசெனாவின் தொப்பி. தொப்பிக்குப் பின்னால் இருந்தவர் யாரென்று தெரியவில்லை. அவருக்கும் மேடை தெரியவில்லை.

கதை சொல்லும் இசை என்றால் கதையைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். இங்கே ஆறு ஓடுகிறது, இங்கே கல்யாணம் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே கேட்கலாம். இன்று தாளில் தலைப்பு மட்டும்தான் இருந்தது. ‘எங்கள் வீடு’.

"உங்க வீட்டுக் கதை உனக்கே தெரியாதாக்கும்?" என்றாள் ரூசெனா.

"அவன் வாயைத் திறந்து எதைத்தான் சொல்லியிருக்கான்?"

நிஜம்தான். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்பதற்குக்கூட இரண்டு புல்லாங்குழல்களுக்கு ஒரு துண்டு எழுதி, ஆள் வைத்து அவள் ஜன்னலுக்குக் கீழே வாசிக்கவைத்தவன் அவன். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டுதான் மிலாடா சரி என்றாள்.

வயலின்கள் மெல்ல ஆரம்பித்தன. திரை விலகித் தரையில் வெயில் விழுவது மிலாடாவுக்கு அப்படியே தெரிந்தது. ஒரு புல்லாங்குழல் அறை அறையாகப் போய்வந்தது. பாத்திர மூடியைத் திறந்தது போல ஒரு மணி, டிங்.

உடனே பசூன் நுழைந்தது. ஆள் உயர மரக்குழல், தொண்டை கட்டிய குரல். அது பேச ஆரம்பித்ததும் மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. அரங்கமே சிரித்தது.

ஆல்பின் தங்கையின் காதருகே குனிந்தான். எந்த இசைக்கும் அவனிடம் விளக்கம் உண்டு, கேட்காமலே வரும். "அது நீதான்."

"எது?"

"பசூன். காலையில எழுந்ததும் அவனைப் போட்டுப் பிடுங்குவியே, அதேதான். குரல்கூட அச்சு அசல்."

"சும்மா இரு அண்ணே."

"எனக்கென்ன. எழுதினவன் உன் புருஷன்."

மணி மறுபடி அடித்தது. பசூன்தான் முதல் ஆளாக வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. புல்லாங்குழல் ஏதோ சொல்ல வந்து, பாதியில் விட்டுவிட்டு மூலையில் ஒதுங்கியது.

"பாவம், புல்லாங்குழல் அவன்தான்" என்றான் ஆல்பின். "வாயே திறக்க முடியல பாரு."

மிலாடா, பத்து வருஷமாக அவனைத் தான் பேசவிட்டதே இல்லையோ என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடை நன்றாக இல்லை.

கடைசியில் முரசு தடதடத்தது. பசூன் தனியாக, தேய்ந்து தேய்ந்து, தெருக்கோடி வரை போய் ஓய்ந்தது. அடுத்த நொடி வயலின்கள் துள்ளின. வீட்டில் எல்லா ஜன்னலையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆல்பின் எழுந்து நின்று கை தட்டினான். "என்ன நாசூக்கா அனுப்பி வைக்கிறான். இப்படி ஒரு முடிவை நான் கேட்டதே இல்ல."

ரூசெனா மிலாடாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். துக்க வீட்டில் பிடிப்பது போல.

மிலாடா வீட்டுக்கு வந்ததும் அடுப்பிலிருந்த வாத்தை இறக்கினாள். அறைக்குப் போய்த் தன் உடுப்புகளை ஒரு பெட்டியில் திணித்து, அதை நடையில் கொண்டுவந்து வைத்தாள். அவனாகச் சொல்லும்வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. சொல்லியாகிவிட்டது, நாற்பது பேரை வைத்து.

ஆல்பின் சாப்பாட்டறையில் வாத்தின் காலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

போஹுமில் வந்தான். நடையில் இருந்த பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றான்.

"புரிஞ்சுதா?" என்றான் மெதுவாக.

"ஊருக்கே புரிஞ்சுது."

"நீயே எடுத்து வச்சுட்டியா?"

"உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம்னுதான்."

அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"நீ இவ்வளவு சுலபமா ஒத்துக்குவேன்னு நினைக்கவே இல்ல மிலாடா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

"ரயில் எத்தனை மணிக்கு?"

"ரெண்டே முக்கால்." சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினான். "போன வாரமே வாங்கிட்டேன்."

போன வாரமே. அவள் கோட்டை எடுக்கக் கை நீட்டினாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிச் சாப்பாட்டறைக்குள் போனான்.

"வாங்க மாப்ளே" என்றது ஆல்பின் குரல், வாய் நிறைய வாத்தோடு. "பிரமாதம். அந்தப் பசூன் ஒழிஞ்சதும் வீடே மூச்சு விட்டுச்சு."

"நிஜமாவே பிடிச்சுதா?"

"பிடிச்சுதாவா? எழுந்து நின்னுல்ல கை தட்டினேன். இவளைக் கேளுங்க."

"தப்பா எடுத்துப்பீங்களோன்னு பயந்துட்டேன்" என்றான் போஹுமில். "கையைக் கழுவிட்டு வாங்க மச்சான், ரயிலுக்கு நேரமாச்சு."

சாப்பாட்டறையில் நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. பிறகு ஆல்பின் வாசல்வரை வந்து, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் வாத்துக் காலுமாகத் தங்கையைப் பார்த்தான்.

பெட்டிக்குள் இருப்பதெல்லாம் தன் பாவாடைகள் என்று சொல்ல மிலாடா வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவன் படியிறங்கியதும் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினாள்.