பெருவிரல் பள்ளம்

கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபத்தில் மேசைப்பந்து இறுதியாட்டம் தொடங்குமுன், வழக்கப்படி மயூரியும் ரொஷேலும் ஒருவர் மட்டையை மற்றவர் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மயூரியின் மரமட்டையில் ரொஷேலின் பெருவிரல் தான் தேய்த்த பள்ளத்திலேயே போய் உட்காருகிறது. புதுக் காபன் மட்டை வந்த பெருமையில் ரொஷேலே மயூரிக்குத் தூக்கிக் கொடுத்த பழைய மட்டை அது. ஆட்டத்தில் ரொஷேல் காபனில் ஓங்கி அடித்தால் பந்து மின்னலாய்ப் பறக்கிறது, சனம் விசிலடிக்கிறது. ஆனால் வலையோரம் மெல்லத் தட்டிவிட வேண்டிய பந்தும், சனியன், மேசையைத் தாண்டிச் சுவரில் மோதுகிறது. மயூரி அதைத் தெரிந்துகொண்டு வலையோரமே போட்டுக் கொல்கிறாள். கடைசிப் பந்தும் சுவருக்கே போகிறது. மயூரி கைகொடுக்க வருகிறாள்.

"உங்கட பழைய பட் சொன்னபடி கேக்குது அக்கா. திருப்பி வேணுமெண்டா எடுங்கோ."

"ஐயோ, எனக்கென்னத்துக்கு? நீயே வச்சிரு."

ரொஷேல் சிரிக்கிறாள். அவளுடைய பெருவிரல் காபன் மட்டையில் அந்தப் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.