முன்பே போட்டிருந்த டிக்

படிவத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது.

அவள் இன்னும் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

இரண்டே கட்டங்கள். ‘கர்ப்பத்தைத் தொடர விரும்புகிறேன்.’ ‘தொடர விரும்பவில்லை.’ இரண்டாவது கட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு டிக். அதன் வால் கோணிக்கொண்டு தாளின் ஓரம்வரை ஓடியிருந்தது.

“அது ஜெராக்ஸ்ல வர்றதும்மா, கண்டுக்காதீங்க” என்றார் நர்ஸ். “கீழ கையெழுத்து மட்டும் போடுங்க.”

பனிக்குட நீரை எடுத்துப் பார்த்ததில், குழந்தைக்கு ஒரு குரோமோசோம் அதிகம் என்று தெரிந்து ஒன்பது நாள் ஆகிறது. கொசுறு கேட்காமல் எந்தக் கடையை விட்டும் இறங்காத மாமியார், இந்தக் கொசுறு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் ரொம்ப நல்லவர். “முடிவு முழுக்க முழுக்க உங்களுடையது” என்று மூன்று முறை சொன்னார். இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவில் டைரியைப் புரட்டி, வியாழக்கிழமை காலை பத்து மணி காலியாக இருப்பதையும் சொன்னார்.

“உன் இஷ்டம்தான்” என்றான் கணவன். வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னான்.

நர்ஸின் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. ‘தெளிவாக முடிவெடுக்கும் தம்பதியர்’ என்று தலைப்பு. வருஷத்துக்கு ஒரு தூண். எட்டு வருஷத்துக்கு முன்புவரை குட்டையும் நெட்டையுமாக நின்ற தூண்கள், அதற்குப் பிறகு போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்திருந்தன. போன வருஷத்துத் தூண் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டு நின்றது.

எல்லாம் இந்தப் படிவங்களை எண்ணிப் போட்ட கணக்கு. மக்களிடம் விழிப்புணர்வு கூடிவிட்டது என்று டாக்டர் இதை மாநாடு மாநாடாகக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள், இந்தக் குழந்தை வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. மறுநாள், என்னால் முடியாது என்றிருந்தது. ஒன்பது நாளாக ஆளாளுக்கு அவளிடம் பேசினார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அதுவாவது நடந்திருக்கும்.

“டிக் இல்லாத ஃபார்ம் ஒண்ணு குடுங்க.”

நர்ஸ் படிவக் கட்டின் மேலிருந்து இன்னொன்றை உருவினார். டிக். அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதிலும் டிக். நடுவிலிருந்து உருவியதிலும் அதே கோணல் வால்.

“எதுல போட்டா என்னம்மா, நீங்க வேண்டாம்னுதானே...”

“எந்தப் பக்கம் போட்டாலும் நான்தான் போடணும்.”

படிவங்களை அவள் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கதவு இடுக்கில் மாமியாரின் முகம் தெரிந்தது. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டது அந்த முகம்.

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

பிறகு கீழ் டிராயரைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தார். இத்தனை காப்பிகளுக்கும் அதுதான் தாய். உறையின் மேல் எழுதியிருந்த தேதி எட்டு வருஷம் பழையது. பெயரும் கையெழுத்தும் போடும் இடங்களில் வைட்னர் தடிமனாக அப்பியிருந்தது.

அதிலிருந்த டிக் மட்டும் நீல மையில் இருந்தது. வால் கோணியது மிஷினின் கோளாறு இல்லை, கை நடுங்கியிருக்கிறது.

“அன்னிக்கு ஃபார்ம் தீர்ந்துபோச்சு” என்றார் நர்ஸ். “டாக்டருக்கு அவசரம். கையில இருந்த ஒண்ணுல பேரையும் கையெழுத்தையும் மட்டும் அழிச்சுட்டு நூறு காப்பி எடுக்கச் சொன்னார்.”

வைட்னரைக் குலுக்கி, நீல டிக்கின் மேல் மெதுவாகப் பூசினார். வால் முடியும் இடம்வரை பூசினார். குனிந்து ஊதிக் காயவைத்தார்.

ஜெராக்ஸ் மிஷினிலிருந்து தாள் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன.

அதைக் கையில் வாங்கியதும்தான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

நர்ஸ் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

“அந்த டிக்கை நான் எனக்கு மட்டும்னுதாம்மா போட்டேன்.”