காயாத முகம்

என் படம் காய இவருக்கு ஏன் இத்தனை அவசரம்? என்னை நானே வரையச் சொன்னதே கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.

“எண்ணெய்ச் சாயம் காய ரெண்டு வாரமாவது ஆகும்ங்க. சூடு காட்டினா மேல மட்டும் காஞ்சு சுருங்கிடும்.”

“என் பொண்டாட்டி முகம்தானே, சுருங்கினாலும் எனக்குத் தெரியும். ஹேர் டிரையரைப் பிடி. வெள்ளிக்கிழமை ஹால்ல மாட்டியாகணும்.”

சிரித்துக்கொண்டே கணவர் குளிக்கப் போனார். டிரையரைப் போட்டேன்.

வாசலில் பிரேம் கடைக்காரர் நின்றார்.

“சார் ஆபீஸ்லதான் குடுக்கச் சொன்னாரும்மா. பூட்டியிருந்துச்சு, அதான் வீட்டுக்கே கொண்டுவந்துட்டேன்.”

சட்டத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது: ‘மறைந்த அன்பு மனைவியின் நினைவாக.’

“காஞ்சிடுச்சா?” குளியலறையிலிருந்து குரல் வந்தது.

உள்ளே போய் டிரையரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

“இல்லைங்க. இதை நான் காய வைக்கப் போறதில்லை.”