முதுகில் போட்ட ஊசி

“எம்புட்டு வலிக்குது?”

நர்ஸ் விக்டோரியா நோட்டைத் திறந்துகொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ரொம்ப வலிக்குது தாயி,” என்றார் தவசி.

நீர்ப்பையிலிருந்து எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கல்லை எடுத்து அன்றோடு மூன்று நாள். கொட்டாம்பட்டியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்.

அது முப்பத்தெட்டாம் வருஷம். டாக்டர் ஆரோக்கியநாதன் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். கல் எடுத்தவர்களுக்கு அடிமுதுகில் தினம் ஓர் ஊசி. நர்ஸ் மணிக்கொரு தரம் போய் வலியைக் கேட்டு எழுத வேண்டும். வலி இல்லை என்றவரை அதற்குப் பிறகு தொந்தரவு செய்யக்கூடாது.

தவசி ஒவ்வொரு முறையும் வலி என்றார்.

விக்டோரியா நாடி பார்த்தாள். குத்தலா, எரிச்சலா என்று கேட்டாள். தலையணையைத் திருப்பி வைத்தாள். ஒருமுறை, உங்க ஊர்ப் பக்கம் மழை உண்டா என்றுகூடக் கேட்டாள்.

நான்காம் நாள் காலை டாக்டர் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார். அதில் சோணை. மறுநாள் அவனுக்குக் கல் எடுக்க வேண்டும். கால்மாட்டில் அவன் மனைவி ஒச்சம்மாள் நின்றிருந்தாள்.

நோட்டைப் புரட்டிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஏற்கெனவே ஒருத்தருக்குக் கேக்கலை. இப்ப தவசிக்கும் கேக்கலை. இந்த ஊசியை நிறுத்திடலாம். இவனுக்கு வேண்டாம்.”

ஊசி இல்லாதவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு போடும் அலறல் வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவசி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“ஐயா, எனக்கு வலியே இல்லை. மொத ஊசியிலயே போயிருச்சு.”

“பிறகு எதுக்குய்யா வலிக்குதுன்னு சொன்னீரு?”

தவசி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். விக்டோரியா பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் கோபத்தோடு நோட்டில் மூன்று நாள் பக்கங்களையும் கோடு போட்டு அடித்தார். சோணைக்கு ஊசி எழுதினார். தையல் பிரித்ததும் தவசியை அனுப்பிவிடலாம், அதுவரை இவரிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

விக்டோரியா மட்டும் நின்றாள்.

“கூட்டிட்டுப் போக யாரு வாராக?”

“மகன் வண்டி கட்டிட்டு வாரான் தாயி.”

சேர்ந்த அன்று, பெஞ்சாதி இல்லை, பிள்ளை இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவள் அவள்தான்.

“வரட்டும்,” என்றாள் விக்டோரியா.