ஒன்றும் செய்யாத வரி

கீழே ஜெனரேட்டர் அறையில் நான், என் மகன் வஜ்தி, எதிர்க் கட்டடத்து ஷஃபீக். நான்காம் மாடியில் என் மனைவி விதாத், அவளருகே மருமகள் நுஹா. வேறு யாரும் இல்லை.

ஆகஸ்ட் மாத நண்பகல். அரசு மின்சாரம் போயிருந்தது. விதாத்தின் ஆக்ஸிஜன் இயந்திரம் நின்றுவிட்டது. கைவசம் ஒரே ஒரு சிலிண்டர், அதுவும் பாதி.

மின்சாரம் போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பி, கட்டடத்தின் சுமையை அதன்மேல் ஏற்றும் பெட்டி எங்கள் குடும்பத் தயாரிப்பு. பெய்ரூட்டில் நாற்பது கட்டடங்களில் ஸைதான் என்ற பெயரோடு தொங்குகிறது. அதன் நிரலை முப்பது வருடத்துக்கு முன் சி மொழியில் எழுதியவன் நான்.

எஞ்சின் உறுமியது. உடனே செத்தது.

மறுபடி உறுமியது. மறுபடி செத்தது.

கையால் சுமையை மாற்றும் விசை இல்லை. போன வருடம் நான்தான் கழற்ற வைத்தேன். ஸைதான் பெட்டி இருக்குமிடத்தில் அது எதற்கு?

"என்ன அபு வஜ்தி, உங்க பெட்டிக்கே மூச்சு முட்டுதே!" என்றான் ஷஃபீக். வஜ்தியின் அப்பா என்ற பொருளில் தெருவே என்னை அப்படித்தான் கூப்பிடும். ஷஃபீக்குக்கும் இதே தொழில். சொன்ன பிறகுதான் மாடிப்படியைப் பார்த்து வாயை மூடினான்.

பழைய சிப் இப்போது கிடைப்பதில்லை. நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் என் பழைய கம்பைலர் புதிய சிப்புக்கு உதவாது. முந்தின நாள்தான் வஜ்தி தன்னுடைய கம்பைலரைக் கொண்டு என் நிரலை இந்தப் பெட்டியின் புதிய சிப்பில் ஏற்றியிருந்தான்.

எனக்கு, சொன்னதைச் சொன்னபடி செய்யும் கம்பைலர்தான் பிடிக்கும். அவனுக்கு யோசிக்கிற கம்பைலர் வேண்டும். "உங்களோடது வேலைக்காரன் அப்பா, என்னோடது மேஸ்திரி. வேண்டாத வரியை அதுவே தூக்கிடும்" என்று காலையில்கூடச் சொன்னான். என் நிரலில் வேண்டாத வரி கிடையாது என்று பதில் சொன்னேன்.

"மாமா, சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு!" நுஹாவின் குரல் படிக்கட்டு வழியே இறங்கியது.

மடிக்கணினித் திரையில் வரிகள் மேலும் கீழும் ஓடின. வஜ்தி ஒவ்வொன்றாகத் தேடினான். "நான் என்ன கெடுத்தேன்னே தெரியலையே" என்று ஷஃபீக்கின் முன்னால் அழுதான்.

முகத்தைத் துடை என்றேன்.

"பசங்க கையில தொழிலைக் கொடுத்தா இப்படித்தான்" என்றான் ஷஃபீக். நான் மறுக்கவில்லை.

"மாமா!" என்றாள் நுஹா. மறுபடி, "மாமா!"

பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"எழுபத்திரண்டாவது வரி" என்றேன். "பத்து லட்சம் வரைக்கும் சும்மா எண்ணச் சொல்லியிருக்கேன். எஞ்சின் நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் வேணும், அதுக்கு முன்னாடி சுமை ஏறினா செத்துடும். எண்ணுறதைத் தவிர வேற வேலை செய்யாத வரின்னு உன் கம்பைலர் தூக்கிடுச்சு. தூக்காம இருக்கச் சொல்லு. இந்த சிப் வேகமானது, பத்து மடங்கு எண்ண வை."

நேரத்தை அளக்கக் கடிகாரம் வைக்காமல் வெறுமனே எண்ணிக்கொண்டிருப்பது கற்றுக்குட்டிகளின் வேலை. நாற்பது பெட்டிகளிலும் அந்த வரி இருக்கிறது. அதன் அருகே ஒரு குறிப்புகூட நான் எழுதியதில்லை.

ஷஃபீக் பெட்டியின் பெயர்த்தகட்டைப் பார்த்தான்.

எஞ்சின் உறுமியது. நிற்காமல் உறுமியது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

விதாத் பிழைத்தாள். முன்பெல்லாம் பால்கனிவரை நடப்பாள். இப்போது கட்டிலோடு சரி.

மகனுக்குப் பிடிபடாத பிழையை அபு வஜ்தி ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வஜ்திதான் அப்படிச் சொல்லித் திரிகிறான்.

அது உண்மையல்ல. எஞ்சின் முதல்முறை செத்தபோதே எனக்குத் தெரியும். ஷஃபீக்கின் முன்னால் வாயைத் திறக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று.